இமையைப் புரட்டிப் பார்த்திருந்தால்

போன மாரியில் எங்கட சினையாடு செத்துப் போனது. தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் இறங்கியிருந்தது. “தீன் எடுக்குதுதானே” என்று விட்டுவிட்டேன். “நாங்கள் இயற்கை முறையில் வளர்க்கிறோம், பூச்சி மருந்தே கொடுப்பதில்லை” என்று ஊரெல்லாம் பெருமை பேசியவனும் நான்தான். வேப்பிலை அரைத்துக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்றிருந்தேன்.

மிருக வைத்தியர் வந்து கீழிமையைப் புரட்டினார். கடதாசி போல வெள்ளை.

“சேர், இதில இரத்தமே இல்லையே.”

அன்றிரவு ஆடு செத்தது, வயிற்றுக் குட்டியோடு.

ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டத்தை ஆசிரியர் கலாசாலையில் வரைந்து நல்ல புள்ளி எடுத்தவன் நான். அதே வட்டம் என் வளவுக்குள் சுற்றியது எனக்குத் தெரியவில்லை.

ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் புழுவுக்கு ஹீமோன்கஸ் என்று பெயர். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேலும் இடும். பிழுக்கையோடு வெளியே வரும் முட்டை, எங்கட ஈரச் சூட்டில் ஒரு கிழமைக்குள் தொற்றக்கூடிய குடம்பியாகிப் புல்லில் ஏறிவிடும். அந்தக் குடம்பியால் இரை தின்ன முடியாது. ஆடு வராவிட்டால், சூட்டில் சில கிழமைகளில் தானே செத்துவிடும்.

வழி அங்கேதான் இருக்கிறது. டோங்கா தீவில் செய்து 1994இல் வெளியான ஆய்வொன்றில், ஆடுகளை மூன்றரை நாளுக்கு ஒரு துண்டாகப் பத்துத் துண்டுகளில் மாற்றி மேய்த்தார்கள். முதல் துண்டுக்குத் திரும்ப 35 நாள் ஆகும். புழு நன்றாகக் குறைந்தது.

நானும் இப்போது மூன்று நாளுக்கொரு முறை முளையை மாற்றி அடிக்கிறேன். மாரியில் பனி காயுமுன் அவிழ்ப்பதில்லை. புல்லை ஒட்ட மேய விடாமல், பலா இலையும் கிளிசரிடியாவும் உயரக் கட்டிக் கொடுக்கிறேன். குடம்பி அவ்வளவு உயரம் ஏறாது.

சனிக்கிழமை காலையில் மகள் ஒவ்வொரு ஆட்டின் இமையையும் புரட்டிப் பார்ப்பாள். தென்னாபிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் கொண்ட அட்டை செய்திருக்கிறார்கள். சிவப்பென்றால் சுகம், வெள்ளையென்றால் ஆபத்து. மந்தையில் பெரும்பாலான புழு ஒரு சில ஆடுகளில்தான் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றத் தேவையில்லை.

ஆனால் வெளுத்த ஆட்டுக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். ஐரோப்பாவின் இயற்கைப் பண்ணைச் சட்டம்கூட, வேறு வழி பலிக்காதபோது அதை அனுமதிக்கிறது. வாயில்லா ஜீவன் எங்களிடம் அமானிதம். என் கொள்கைக்காக அது ஏன் சாக வேண்டும்?

நேற்று ஒரு கிடாயின் இமை வெளிறியிருந்தது. இந்த முறை பெருமை பார்க்கவில்லை, உடனே வைத்தியருக்குக் கோல் எடுத்தேன்.