நாலேகாலுக்கு மஃரிப்

எட்மண்டன் நகரில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் காலை 8.45க்கு மேல்தான் எழுகிறது, மாலை 4.15ஐ ஒட்டி அடைந்துவிடுகிறது. லுஹர் தொடங்கியதிலிருந்து மஃரிப் வரை முழுதாக நான்கு மணி நேரம்கூட இல்லை. பிற்பகல் 3.30க்குப் பள்ளிக்கூட வாசலில் இருந்து ஓடிவரும் என் மூத்த மகன் முதலில் கேட்பது தின்பண்டத்தை அன்று, “உம்மா, அஸர் இருக்கா, போயிட்டா?” என்பதைத்தான். ஜூன் மாதத்தில் இதே ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் மஃரிப். அப்போது அவனைத் தூங்க வைப்பது பாடு. இப்போது எழுப்புவது பாடு.

மூன்று பிள்ளைகளோடு இங்கு வீட்டைவிட்டு வெளியேறுவது ஒரு சிறு பயணத்துக்கு ஆயத்தமாவதைப் போன்றது. உள்ளாடை, கம்பளிச் சட்டை, பனிக்கால்சட்டை, காலணி, கழுத்துறை, தொப்பி, கையுறை என்று ஒழுங்கு தவறாமல் மாட்ட வேண்டும். கையுறையை முதலில் மாட்டினால் காலணியின் பட்டையை யார் இழுப்பது? எல்லாம் முடிந்து கதவைத் திறக்கும் நொடியில் நான்கு வயது மகளுக்குக் கழிவறை நினைவு வரும். காரிலோ, தடித்த மேற்சட்டையோடு குழந்தையை இருக்கையில் பூட்டக் கூடாது. மோதல் நேர்ந்தால் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஆகவே அதைக் கழற்றி, வாரைப் பூட்டி, மேலே போர்வையாகப் போட வேண்டும். வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பது பாகை. இரவெல்லாம் காரின் இன்ஜினை மின்கம்பியில் செருகி வைத்திருந்தால்தான் காலையில் அது உயிர் பெறும்.

கைக்குழந்தைக்குத் தேய்க்க ஊரிலிருந்து வந்த தேங்காயெண்ணெய் ஐந்து மாதமும் கட்டியாகவே இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்தாகத் தர வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். வெயிலைச் சொட்டுக் கணக்கில் ஊட்டுகிறோம் என்று தொலைபேசியில் சொன்னபோது என் உம்மா நம்பவில்லை.

காயல்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊர் வழக்கில் மணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். எனவே ஒரு பிள்ளை பிறந்தால் அதைத் தூக்கக் கைகளுக்குப் பஞ்சமே இராது. உம்மா, சாச்சிமார், ராத்தாமார், அண்டை வீட்டுப் பெண்கள் என்று தாய் தூங்குவதற்கு ஊரே வழிவிடும். பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் தைக்காக்கள் உண்டு. என் மூன்றாம் பிள்ளையோ நவம்பரில் இந்த ஊரில் பிறந்தது. கணவருக்குப் பண்டகசாலையில் பிற்பகல் தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலை. அவர் வெளியேறும்போது பொழுது சாயத் தொடங்கியிருக்கும். திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் என் மனம் மெல்ல இருண்டது. பிள்ளை அழுதால் பால் கொடுப்பேன். அது சிரித்தால் எனக்குள் ஒன்றும் அசையாது. தொழுகையில் நிற்பேன், ஓதியது எது என்று நினைவிராது. ஒருநாள் மகள், “உம்மா, நீங்க ஏன் சத்தமே போட மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டாள். திட்டுவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

குழந்தைக்கு இரண்டு மாதத் தடுப்பூசி போடச் சென்ற இடத்தில் செவிலியர் ஒரு தாளைக் கொடுத்தார். பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் உன்னால் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அஞ்சினாயா, அழுதாயா என்பன போன்றவை. பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோவில் உருவாகி, உலகின் பல நாடுகளில் வழங்கும் வினாத்தாள் அது. தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு ‘இல்லை’ என்று எழுத முடிந்ததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். மற்ற ஒன்பதுக்கும் உள்ளபடியே எழுதினேன். செவிலியர் கூட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் பேசி நேரம் வாங்கித் தந்தார்.

செய்தி ஊருக்குப் போயிற்று. உறவுக்காரர் ஒருவர், ஈமான் பலமாக இருந்தால் இப்படியெல்லாம் வராது, குர்ஆன் ஓதிக்கொண்டிரு போதும் என்று குரல்பதிவு அனுப்பினார். அன்போடுதான் அனுப்பினார். ஆனால் அக்கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை; இன்றும் ஏற்கவில்லை. யஃகூப் (அலை) அவர்கள் மகனை இழந்த துயரத்தில் கண்பார்வை வெளுத்துப்போனார்கள் என்பதைச் சொல்வது அல்லாஹ்வின் வேதம். அந்த நபியின் ஈமானை யார் குறை சொல்வார்? கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் வழக்கமாக ஓதியிருக்கிறார்கள். வாராத ஒன்றிலிருந்தா பாதுகாப்புத் தேடுவார்கள்? ஓதினேன், மருத்துவரிடமும் போனேன். அவர் சொற்படி ஒவ்வொரு காலையும் அரைமணி நேரம், பத்தாயிரம் லக்ஸ் ஒளிதரும் விளக்கின் முன் குழந்தையோடு அமர்ந்தேன். வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவரிடம் பேசினேன். எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்வது என் வேலையன்று. இதைப் படிக்கும் சகோதரிகளுள் எவருக்கேனும் அந்தத் தாள் நீட்டப்பட்டால் உள்ளதை எழுதுங்கள். படிக்கும் கணவன்மாரே, வாப்பாமாரே, அவள் எழுதியதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள்.

இங்கே ஒரு பழைய செய்தி. கனடாவின் முதல் பள்ளிவாசலான அல் ரஷீது இந்த எட்மண்டனில்தான் எழுந்தது. பொருளாதார வீழ்ச்சியின் காலம். முஸ்லிம்கள் வெகு சிலர். ஹில்வி ஹம்தான் என்ற அம்மையாரும் அவருடன் சேர்ந்த பெண்களும் நகரத் தலைவரிடம் சென்று நிலம் கேட்டார்கள். கடைத்தெருவில் ஏறி இறங்கி, முஸ்லிம் என்றும் கிறிஸ்தவர் என்றும் யூதர் என்றும் பாராமல் நிதி திரட்டினார்கள். உக்ரேனிய வமிசத்துக் கட்டடக்காரர் ஒருவர் கட்டினார். அதனால் அது பார்வைக்கு அவர்கள் நாட்டுத் தேவாலயத்தின் சாயலில் இருக்கிறது. குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த அப்துல்லாஹ் யூசுஃப் அலீ அவர்கள் அதன் திறப்புக்கு வந்திருந்தார்கள். அது 1938 டிசம்பர். இதே குளிர், இதே இருட்டு! ஒளி விளக்கும் இல்லை, வினாத்தாளும் இல்லை. அந்தப் பெண்களின் கைப்பிள்ளைகளை அன்றைக்கு யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதே எனக்கு எழும் கேள்வி. ஒருவர் பிள்ளையை ஒருவர்தான் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பழைய கட்டடம் இப்போது நகரின் வரலாற்றுப் பூங்காவில் பேணப்படுகிறது.

ஜனவரியில் என் கணவர் பள்ளிவாசலில் எங்கள் நிலையை மெல்லச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் முதல் முதிய லெபனானியப் பெண்மணி ஒருவர் செவ்வாய்தோறும் பருப்புச் சாறோடு வந்து, குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “தூங்கு” என்று மட்டும் சொல்வார். எனக்கு அரபி பேச வராது. அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் தெருவின் ஒரு துண்டு அவரோடு வாசல் ஏறி வந்தது போல இருக்கும்.

கடுங்குளிர் இரவிலும் மழை இரவிலும் அவரவர் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்தது நபிவழி. அந்தச் சலுகையை நாங்கள் நிறையவே எடுத்துக்கொண்டோம். வாப்பா வேலையில் இருப்பதால் மஃரிபுக்கு இமாம் எங்கள் ஏழு வயது மகன். விவரம் அறிந்த சிறுவன் தொழவைப்பது எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லும். அம்ர் இப்னு ஸலமா (ரலி) அவர்கள் ஆறேழு வயதில் தம் கூட்டத்தாருக்குத் தொழவைத்த செய்தி புகாரியில் இருக்கிறது. இதைச் சொன்ன நாளிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. ஒளுவுடன் அணிந்த தோல் காலுறையின் மேல் ஒரு பகலும் ஓர் இரவும் மஸஹு செய்யலாம் என்று கற்றுக்கொண்டு, அந்தக் கெடுவை எங்கள் எல்லோருக்கும் அவனே கணக்கு வைத்தான். தங்கை பின்னால் நின்று பாதித் தொழுகையில் கூரையைப் பார்ப்பாள். குழந்தை தொட்டிலில் கை காலை உதைக்கும். மகனுக்கு நன்றாக வரும் சூரா குல்ஹுவல்லாஹு ஒன்றுதான். இரண்டு ரக்அத்திலும் அதையே ஓதுவான்.

பிப்ரவரியில் ஒரு மாலை, இரண்டாம் ரக்அத்தில் அதன் நடுவிலேயே மறந்து நின்றுவிட்டான். அறையில் அமைதி. அந்தக் குளிர்காலம் முழுவதும் எத்தனை ரக்அத் தொழுதேன் என்பதே தெரியாமல் நின்றவள் நான். விட்ட சொல்லை அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஓதி முடித்தான். ஸலாம் கொடுத்ததும் திரும்பி, “உம்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?” என்றான்.

மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளினார்கள். மஃரிப் 7.30ஐத் தாண்டியது. அதற்குள் வாப்பாவுக்குப் பகல் நேர வேலை கிடைத்துவிட்டதால் இமாமின் பதவி போயிற்று. வாரத்தில் ஒரு நாளாவது தனக்கு வேண்டும் என்று வழக்காடி, செவ்வாய்க்கிழமையை வாங்கிக்கொண்டான்.