தேர்வுப் பயம் என்று எண்ணினேன்

2019ஆம் ஆண்டு. என் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரித் தேர்வுக்கு முதல் நாள் இரவு, "உம்மா, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது" என்று என் கையைப் பற்றித் தன் மார்பில் வைத்தாள். தேர்வுப் பயம் என்றெண்ணித் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். முன்பும் இருமுறை அவள் இவ்வாறு சொன்னதுண்டு. ஒரு மருத்துவர் மனப்பதற்றம் என்றார். அண்டை வீட்டார் கண்ணேறு என்றனர். நானோ, பெண் கேட்டு வரும் நேரத்தில் இப்பேச்சு வெளியே போக வேண்டாம் என்று அவளை அடக்கினேன். இன்றும் என் நெஞ்சை உறுத்துவது அதுவே.

அன்றிரவு படபடப்பு ஓயவில்லை. கண் இருண்டு சாய்ந்துவிட்டாள். மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தபோது நிமிடத்திற்கு 210 துடிப்புகள்! ஓய்விலிருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருப்பதே இயல்பு. ஊசி மருந்து செலுத்திய சில நொடிகளில் துடிப்பு சீரடைந்தது.

மறுநாள் எக்கோ பரிசோதனையில் காரணம் புலப்பட்டது. இதயத்தின் வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மூவிதழ் வால்வு, கருவிலேயே கீழிறங்கி அமைந்திருந்தது. இதற்கு எப்ஸ்டைன் கோளாறு என்று பெயர். வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1866இல் இதனை விவரித்து எழுதினார். அவர் ஆராய்ந்தது, படபடப்பால் அவதியுற்று இறந்த 19 வயதுத் தொழிலாளி ஒருவரின் இதயத்தை. என் மகளின் வயது!

வால்வு கசிவதால் மேலறை விரிகிறது. அத்துடன், இக்கோளாறு உடையோர் சிலருக்கு இரு அறைகளையும் இணைக்கும் கூடுதல் மின்பாதை ஒன்றும் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. அதன் வழியே மின்துடிப்பு சுற்றிச் சுழலும்போது இதயம் தறிகெட்டு ஓடுகிறது. தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அப்பாதையைச் சுட்டு அழித்தனர். இக்கோளாறு உள்ளவர்களுக்குத் தொல்லை திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று முன்பே எச்சரித்தனர். எட்டு மாதத்தில் திரும்பியது. இரண்டாம் முறை சிகிச்சைக்குப் பின் இதுவரை இல்லை. வால்வுக்கு இப்போதைக்கு அறுவை தேவையில்லை. ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு.

பின்னர் ஒரு வரன் வந்தபோது, மறைத்துவிடலாமா என்று மீண்டும் என் மனம் தடுமாறியது. "வேண்டாம் உம்மா. நாளை பிள்ளைப்பேற்றின்போது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே" என்றாள் மகள். அறிக்கைகளை அவர்கள் முன் வைத்தோம். அவ்வரன் நின்றுபோயிற்று. அடுத்து வந்தவர் அனைத்தையும் படித்துவிட்டு, "படபடப்பு வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். இன்று அவரே என் மருமகன்.

தாய்மார்களே! பிள்ளைகள் நெஞ்சு படபடக்கிறது என்றால் பயம் என்று ஒதுக்காதீர்கள். மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். மயக்கமும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். படபடப்பு இருக்கும்போதே இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், அடங்கிய பின் எடுத்தால் உண்மை நழுவிவிடக்கூடும்.