கொம்புத்துறையில் ஒரு வீடு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், ஆறுமுகநேரியைக் கடந்ததும் காயல்பட்டினம் வரும். பள்ளிவாசல்கள் நிறைந்த அப்பழம்பதியை ஒட்டிக் கடலோரத்தில் ஒதுங்கியிருக்கிறது கொம்புத்துறை என்னும் சிற்றூர். கடையக்குடி என்பதும் இதன் பெயரே. வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல், தெற்கே வீரபாண்டியன்பட்டினம், அதற்கும் அப்பால் திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம். அண்டை ஊர்களுக்கெல்லாம் பெரும் புகழுண்டு. கொம்புத்துறைக்கோ ஒரு வீட்டின் கதைதான் உண்டு.

1542ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், புனித சவேரியார் தூத்துக்குடியிலிருந்து உரோமையிலிருந்த புனித இஞ்ஞாசியாருக்குக் கடிதம் எழுதினார். வழியில் கிறிஸ்தவர் அல்லாதோர் வாழ்ந்த ஓர் ஊரில், மூன்று நாளாகப் பேறுகால வேதனையில் துடித்த பெண்ணைக் கண்டதாக அதில் கூறுகிறார். பிழைப்பாள் என்ற நம்பிக்கையைப் பலரும் இழந்திருந்தனர். தமிழ் அறியாத அடிகளார், மொழிபெயர்ப்போர் துணையுடன் விசுவாசத்தை விளக்கினார். அவள் நம்பினாள், திருமுழுக்குப் பெற்றாள், உடனே நலமாகப் பிள்ளையும் பெற்றாள். கணவனும் மக்களும் வீட்டார் அனைவரும் திருமறையில் சேர்ந்தனர். ஊர்ப் பெரியவர்களோ, அரசனின் அனுமதியின்றித் தாங்கள் சேர இயலாதென்றனர். வரி வசூலிக்க வந்திருந்த அதிகாரியிடம் அடிகளார் பேசி இசைவு பெற்ற பின்னரே ஊர் மனந்திரும்பியது. கடிதத்தில் ஊர்ப் பெயர் இல்லை. அது கொம்புத்துறையே என்பது வழிவழியாக வரும் மரபு.

இன்று அங்கே புனித முடியப்பர் ஆலயம் நிற்கிறது. ஆலய முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, அந்த வீடு எங்கே இருந்தது?" என்று கேட்டேன். அவர் சிரித்து, "அது யாருக்குச் சாமி தெரியும்? இந்த மணல்லதான் எங்கயோ இருந்திருக்கும்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அச்சொல் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. நற்செய்தி இவ்வூருக்குள் நுழைந்தது மேடையிலிருந்தன்று. வேதனையுற்ற ஒரு தாயின் வாசல் வழியாக. என் பங்கில் திருவிழாக் கூட்டத்தை எண்ணி மகிழ்ந்த நான், படுக்கையில் கிடப்போரின் வாசலை எத்தனை முறை மிதித்தேன்?

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் தெருவிலும் துயருறும் ஒரு வீடு இருக்கும். அழைப்புக்குக் காத்திராமல் இன்றே சென்று வாருங்கள். நானும் வருகிறேன்.