கியூஆர் கோடுக்கு முன்னும் பின்னும்

இ-சிம் கேட்டு சேவை மையத்துக்கு வருகிறவர்களில் பலர், இனி போனில் சிம்மே இருக்காது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கவுன்டரில் இருப்பவர் *#06# அழுத்திக் காட்டுவார். ஐஎம்இஐயோடு இஐடி என்ற 32 இலக்க எண்ணும் திரையில் வரும். போனுக்குள்ளேயே பதிக்கப்பட்ட சிப்பின் எண் அது. எந்த நிறுவனத்தின் இணைப்பையும் ஏற்க அந்தச் சிப் தயாராக இருக்கிறது.

பிளாஸ்டிக் கார்டில் முன்கூட்டியே எழுதித் தரும், நெட்வொர்க்கில் இணைப்பை அடையாளம் காட்டும் ஐஎம்எஸ்ஐ எண்ணும் ரகசியச் சாவியும் இங்கே ‘ப்ரொஃபைல்’ என்ற பெயரில் சர்வரில் காத்திருக்கின்றன. கியூஆர் கோடில் அவை கிடையாது. அந்தச் சர்வரின் முகவரியும் ஓர் அடையாளக் குறியும் மட்டுமே உண்டு. ரேஷன் டோக்கன் மாதிரி. போன் சர்வரைத் தேடிப் போகும். இரண்டும் ஒன்றின் சான்றிதழை மற்றொன்று சரிபார்க்கும். பிறகு அந்த ஒரு சிப் மட்டுமே திறக்கும்படி ப்ரொஃபைல் பூட்டப்பட்டு இறங்கும். மொபைல் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2016-இல் வகுத்த இந்த முறையில்தான் 2017-இல் வந்த பிக்சல் 2 முதல் இன்றைய போன்கள் வரை இயங்குகின்றன. டோக்கன் என்பதால் ஆபத்தும் உண்டு. இஐடியோடு முன்பே இணைக்கப்படாத கோடு, முதலில் ஸ்கேன் செய்கிறவருக்கே போய்விடும்.

ப்ரொஃபைல் இறங்கியதும் வேலை முடிவதில்லை. நிறுவனத்தின் பதிவேட்டில் பழைய ஐஎம்எஸ்ஐயிலிருந்து வாடிக்கையாளரின் மொபைல் எண்ணைப் பிரித்துப் புதியதோடு சேர்க்க வேண்டும். பழைய கார்டு செத்து, புதியது உயிர்பெறும் இந்த இடைவெளியில்தான் மனிதர்கள் பதறுகிறார்கள். சிக்னல் வரவில்லை என்று ப்ரொஃபைலை அழித்துவிடுகிறார்கள். ஒருமுறை பயன்படுத்திய கோடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். அதனால் அனுபவமுள்ள ஊழியர் கோடு கொடுப்பதற்கு முன்பே இரண்டு விஷயம் சொல்லிவிடுவார்: வைஃபை இருக்கட்டும், எதையும் அழிக்காதீர்கள்.

கை மாறுவதற்குக் கார்டு இல்லாத இடத்தில், ஆள் யார் என்று உறுதிசெய்வதே தலையாய வேலை. ஏர்டெல்லில் 121-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, பதில் அளித்து, அழைப்பிலும் சம்மதம் சொன்ன பிறகே கோடு வரும். மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் இந்தச் சம்மதத்தைத்தான். நிறுவன ஊழியர் போலப் பேசி அதை வாங்கிவிட்டால் எண் அவர்கள் போனுக்குப் போகும். வங்கி ஓடிபியும் பின்னாலேயே போகும். சிம் மாற்றிய 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் தடை என்ற தொலைத்தொடர்புத் துறையின் விதி அதற்காகத்தான். ஓடிபி வரவில்லை என்று கவுன்டரில் கோபப்படுகிறவர்கள் உண்டு. பணம் பறிபோவதைவிட ஒரு நாள் காத்திருப்பது எவ்வளவோ மேல். 2024 ஜூலை முதல், சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. போன் உடைந்தால் முன்பெல்லாம் கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளலாம். இப்போது அடையாளச் சோதனை முதலிலிருந்து நடக்கும்; கோடு போகும் மின்னஞ்சலும் பலருக்கு அந்த உடைந்த போனில்தான் இருக்கும். இ-சிம் கேட்டு வருகிறவரிடம், பதிவு செய்த மின்னஞ்சலை வேறு கருவியில் திறக்க முடியுமா என்று நல்ல ஊழியர் அன்றைக்கே கேட்டுவிடுகிறார்.