சிப்பாயாக இருந்த டீச்சர்

திருப்பூரில் குமரனைத் தெரியாதவர் கிடையாது. 1932 ஜனவரியில் தடியடி பட்டும் கொடியை விடாமல் பிடித்திருந்தவர் அவர். ஊரின் முக்கியமான சாலைக்கு அவர் பெயர்தான். கேப்டன் லட்சுமியையும் சிலருக்குத் தெரியும். ராசம்மா பூபாலன் என்று சொன்னால் மட்டும், "யாருங்க அது?" என்று கேட்கிறார்கள். எங்கள் லைன் வீடுகளில் பழகிய பேர்தான், ராசம்மா. ஆனால் நான் சொல்லும் ராசம்மா மலேசியாவின் ஈப்போ நகரத்தில் 1927இல் பிறந்தவர். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பம். பதினாறு வயதில் படையில் சேர்ந்து, போர் முடிந்ததும் படித்து ஆசிரியரானவர். சம்பளம் என்று வந்தால் திருப்பூர்ப் பெண்களுக்கு மிக நெருக்கமான வாழ்க்கை அவருடையது என்பது என் எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமையேற்க சிங்கப்பூருக்கு வந்தார். பெண்களுக்கென்று தனிப்படை வேண்டும் என்று அவர் கேட்டபோது கூட இருந்தவர்களே தயங்கினார்கள். சென்னையிலிருந்து போய் அங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன், பின்னாளின் கேப்டன் லட்சுமி, பொறுப்பை ஏற்றார். அந்த அக்டோபர் 22ஆம் தேதி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. ராசம்மாவும் அவர் சகோதரி பொன்னம்மாவும் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் படித்த வீட்டுப் பெண்கள். அவர்களோடு அணிவகுத்து நின்றவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். விடியுமுன் எழுந்து பால் மரம் சீவப் போனவர்கள், கங்காணியின் வசவைக் கேட்டே வளர்ந்தவர்கள். போருக்கு முந்தைய ஆண்டுகளில் அந்தத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாள் கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்று, கத்தி ஒன்று, பால் ஒன்று, கூலி மட்டும் வேறு. அந்தப் பெண்கள் கையில் துப்பாக்கி வந்தபோது அவர்கள் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பயிற்சி கடுமையானது. அது முடிந்ததும் பர்மாவுக்குப் பயணம். சயாம் மரண ரயில் பாதை வழியாகவே போனார்கள். அந்தப் பாதையைப் போடுவதற்கு ஜப்பானியர் பிடித்துப்போய், காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்துப்போன மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். சொந்த அண்ணனும் சித்தப்பனும் விழுந்து கிடந்த தண்டவாளத்தின் மேலேயே சில பெண்கள் போயிருப்பார்கள். போர்முனையில் அவர்கள் நின்று சண்டையிட வாய்ப்பு வரவில்லை. இம்பால் தோல்விக்குப் பிறகு காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள், பின்வாங்கினார்கள். 1945இல் ரங்கூனிலிருந்து திரும்பும் வழியில், அவர்கள் வந்த ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இரண்டு பெண்கள் உயிர்விட்டார்கள். அந்தப் பின்வாங்கலில் நேதாஜி தாமும் அந்தப் பெண்களோடு குண்டு மழைக்கு நடுவே பல நாள் நடந்தே வந்தார். படையை வழிநடத்துவது எப்படி என்பதை அந்தச் சிறு பெண்கள் அங்கே நேரில் பார்த்தார்கள். ராசம்மாவின் பிற்கால வாழ்க்கையில் எனக்கு அந்தப் பாடம்தான் தெரிகிறது. முன்னால் நிற்பவர் எல்லோருக்கும் முன்னால் நடக்கவும் வேண்டும், கடைசி ஆளை விட்டுவிடவும் கூடாது.

அவரது பக்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெதடிஸ்ட் கிறிஸ்தவராக வளர்ந்தவர், நீண்ட காலம் சபையோடும் இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கத்தோடும் இணைந்து உழைத்தவர். நேதாஜியின் படையில் சாதிக்கொரு அடுப்பு, மதத்துக்கொரு பந்தி என்பது கிடையாது. எல்லோருக்கும் ஒரே சமையல். சிங்கப்பூர் செட்டியார் கோவிலுக்கு நேதாஜியை அழைத்தபோது, என் தோழர்கள் எந்த மதத்தவரானாலும் எந்தச் சாதியானாலும் என்னோடு உள்ளே வரலாம் என்றால் வருகிறேன் என்று அவர் சொன்னதும், கோவிலார் அதற்கு இசைந்ததும் பதிவான செய்தி. சாமியை நம்புகிறவர் அடுத்தவரைத் தள்ளி வைக்கக் கூடாது என்ற பழக்கம் அந்தப் படையிலிருந்தே ராசம்மாவின் நம்பிக்கையில் ஊறியிருக்க வேண்டும். பின்னாளில் அவர் தலைமை தாங்கிய அமைப்புகளில் மலாய் முஸ்லிம் பெண்களும் சீனப் பெண்களும் இந்தியப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மலேசிய தேசியப் பெண்கள் அமைப்புகளின் மன்றம் 1963இல் உருவானபோது அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

என்னை அதிகம் பற்றிக்கொள்வது அதற்கு முன் அவர் செய்த காரியம். போருக்குப் பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்து ஆசிரியரானார். வகுப்பறைக்குள் போனால் பெண் ஆசிரியைக்கு ஆண் ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். அதே பட்டம், அதே பாடத்திட்டம், அதே நாற்பது பிள்ளைகள். கல்யாணம் ஆகிவிட்டால் இன்னும் மோசம்: நிரந்தர வேலை போய்விடும், தற்காலிகமாகத்தான் வைத்துக்கொள்வார்கள், ஓய்வூதியத்துக்கும் வழியில்லை. பர்மாக் காட்டில் நடந்து வந்தவருக்கு இது பொறுக்குமா? 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கி அதன் முதல் தலைவரானார். எழுதினார், பேசினார், அமைச்சர்களைப் பார்த்தார், மற்ற சங்கங்களைச் சேர்த்துக்கொண்டார். ஏறத்தாழ பத்து வருஷம் நடந்த போராட்டம் அது. அறுபதுகளின் இறுதியில் மலேசிய அரசுப் பணிகளில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்பது நடைமுறைக்கு வந்தது. படையில் இருந்த காலம் இரண்டு வருஷத்துக்கும் குறைவு. இந்தச் சண்டை அதைப்போல ஐந்து மடங்காவது நீளம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் துப்பாக்கிப் படத்தையே முதலில் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் சங்கத் தலைவராக அவர் கோரிக்கை மனுவோடு நின்ற காலமே பெரியது.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பக்கத்து வகுப்பு சாருக்கும் எனக்கும் ஒரே சம்பள விகிதம். என் அம்மாவுக்கு அப்படி இருந்ததில்லை. அம்மா பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவியாளாக, சேர்ந்து, பிறகு செக்கிங்கில் உட்கார்ந்தவர். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருவார். சனிக்கிழமை சம்பளக் கவர் வரும். அதே கம்பெனியில் அதே நேரம் நின்ற ஆண்களின் கவர் கனமாக இருக்கும். ஏம்மா என்று கேட்டால் சொல்வார்: "ஆம்பளைக்குக் குடும்பம் இருக்குதல்ல கண்ணு. காண்ட்ராக்ட்காரர் அப்படித்தான் சொல்றாருங்க." எங்கள் வீட்டில் வாடகை, ரேஷன், என் நோட்டுப் புத்தகம் எல்லாம் அம்மாவின் கவரில்தான் ஓடின. ஆணுக்குக் குடும்பம் இருக்கிறது, பெண்ணுக்கு அது கூடுதல் வருமானம் என்ற காரணத்தை உலகத்தில் எந்த முதலாளி முதலில் கண்டுபிடித்தாரோ தெரியாது. ரப்பர் தோட்டத்திலும் பள்ளிக்கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் அதே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மலாயா ஆசிரியைகளின் அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தது: ஒரே வேலை, இரண்டு சம்பளம். நம் ஊரில் வேலையே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கட்டிங் மாஸ்டர் ஆண். பிசிர் வெட்டுவது பெண். அயர்னிங் ஆண், செக்கிங் பெண். ஓவர்லாக்கிலும் பேட்லாக்கிலும் இப்போது பெண்கள் நிறைய உட்கார்ந்துவிட்டார்கள், அது நல்ல மாற்றம். ஆனாலும் குறைந்த கூலிப் பட்டியலில் உள்ள வேலைகளில் இன்னும் பெண்களே அதிகம். 1976இல் வந்த சம ஊதியச் சட்டம் ஒரே மாதிரியான வேலைக்கு ஒரே ஊதியம் என்றது. வேலையின் பெயரை மாற்றி வைத்துவிட்டால் சட்டம் அந்த மேசைக்கு எட்டாது. ஏற்றுமதி ஆடையில் ஒரு சின்னக் கறை, ஒரு தையல் விலகல் இருந்தாலும் முழு ஆர்டரும் திரும்பிவிடக்கூடும். அதைக் கண்ணால் பிடிக்கிறவர் செக்கிங் பெண். பன்னிரண்டு மணி நேரம் டியூப் லைட்டின் கீழே துணியைப் பார்த்துப் பார்த்து என் அம்மாவின் கண் போனது. அந்த வேலைக்குத் திறமை தேவையில்லை என்று யார் தீர்மானித்தது?

இந்த ஊருக்குப் போராடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் மெஷின்களை நிறுத்திய ஊர் இது.

மறுபடி ராசம்மாவிடம் வருவோம். எழுபதுகளில் அவர் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராக இருந்தார். பிறகும் ஓயவில்லை. படிப்பைத் தொடர முடியாத ஏழைப் பெண்களுக்காக இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கத்தின் தொழிற்பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அங்கே சொல்லித் தரும் தொழில்களில் தையலும் ஒன்று. போதைப்பொருள் ஒழிப்புக்காகவும் பல வருஷம் உழைத்தார். அவர் வாழ்க்கை வரலாற்றை அருணா கோபிநாத் எழுத, மலேசிய தேசிய ஆவணக் காப்பகம் 2007இல் வெளியிட்டது. தமிழில் அது வர வேண்டும். யாராவது செய்தால் என் பள்ளிக்கு முதல் பிரதியை நானே வாங்குகிறேன்.

அவர் கதையைச் சொல்ல நம் மாவட்டத்திலேயே ஓர் இடம் உண்டு. உடுமலைக்கு அப்பால் அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. அறுபது வருஷத்துக்குச் சற்றே குறைவாக அது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. 2021-22 கல்வியாண்டிலிருந்து நாடெங்கும் உள்ள சைனிக் பள்ளிகளில் பெண்களும் சேர்கிறார்கள். அமராவதி அணைப் பக்கம் போகிறவர்கள் சீருடையில் நடக்கும் அந்தப் பெண்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு முன்னால், 1943இல், தமிழ் பேசிய பெண்கள் ஒரு படையாகவே அணிவகுத்தார்கள் என்பதை ஆசிரியர்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களில் ஒருத்தி பின்னாளில் சம்பளத்துக்காகவும் போராடினாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கம்பெனி முதலாளிகள் சங்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் பேச உட்காருகிறீர்கள். இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் பெண்கள். பேச்சு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களோ அநேகமாக ஆண்கள். அடுத்த முறை செக்கிங் டேபிளிலிருந்தும் கைமடியிலிருந்தும் பெண்களை அழைத்து வந்து உட்கார வையுங்கள். அவர்கள் வேலைக்கு என்ன கூலி என்பதை முதலில் அவர்களே சொல்லட்டும்.