விடுமுறையில் யாருக்கு ஓய்வு?

விடுமுறைப் பயணம் என்றதும் எந்த ஊருக்குப் போவது என்பதே குடும்பங்களில் முதலில் எழும் வினா. எவ்வளவு செலவாகும் என்பது இரண்டாவது. உடன் வருவோருள் யார் யாருக்கு அப்பயணத்தால் உண்மையான ஓய்வு கிடைக்கும் என்னும் வினாவோ பெரும்பாலும் எழுவதே இல்லை. எங்கள் இல்லத்தில் சில வாரங்களாக நடந்துவரும் பயண ஏற்பாடு அவ்வினாவை எங்கள் முன் கொணர்ந்து நிறுத்திற்று. அதைப் பற்றி வாசக அன்பர்களோடு உரையாட விழைகிறோம்.

நாங்கள் செங்கற்பட்டில் வாழ்பவர்கள். எங்கள் தம்பி பல்லாண்டுகளாக ஜெர்மனியில் குடியிருக்கிறான். சென்ற இலையுதிர் காலத்தில் அவன் மனைவி மக்களோடு மோசல் ஆற்றங்கரை வழியே ஒரு வாரம் பயணம் செய்தான். அவர்கள் சென்றது வீட்டு வண்டி. உறங்கப் படுக்கை, சமைக்க அடுப்பு, குடிநீர்த் தொட்டி, கழிப்பறை யாவும் ஒரே வண்டிக்குள் அமைந்திருக்கும். பிரான்சு நாட்டின் வோஜ் மலையில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையைத் தழுவி, ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் ரைன் நதியோடு கலக்கும் மோசல் ஏறத்தாழ 545 கிலோ மீட்டர் நீளமுடையது. அதன் இரு கரைகளிலும் செங்குத்தான கற்பலகைச் சரிவுகளில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. உரோமையர் காலத்திலேயே அங்குத் திராட்சை பயிரிட்டனராம். வழியிலுள்ள டிரியர் நகரின் பேராலயத்தில்தான் ஆண்டவரின் அங்கியெனப் போற்றப்படும் திருவுடை பேணப்படுகிறது. திராட்சைத் தோட்டக்காரர் பலர் தங்கள் முற்றத்திலேயே வீட்டு வண்டிகளை இரவில் நிறுத்திக்கொள்ள இடம் தருகின்றனர்.

அப்படங்களைக் கைப்பேசியில் கண்ட எங்கள் பிள்ளைகளுக்கு ஆசை பொங்கியது. கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்குத் தம்பி குடும்பம் வரவிருக்கிறது. "நாமும் ஓர் ஆற்றங்கரை வழியாகவே போவோம்" என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தனர். ஆறு எங்கே? நம் பாலாறுதான்!

பாலாறும் மோசலும்

கேட்டவர்கள் நகைத்தனர். மணலன்றி வேறென்ன காண்பீர்கள் என்றனர். கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 348 கிலோ மீட்டர் நடந்து, அதில் 222 கிலோ மீட்டரைத் தமிழகத்தில் கழித்து, வயலூர் அருகே வங்கக் கடலில் சேர்வது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி அது வறண்டே கிடக்கிறது என்பது மெய். ஆயினும் மணலுக்கு அடியில் நீர் ஓடுகிறது. கரையோர ஊர்கள் பலவற்றின் தாகத்தைத் தணிப்பது ஆற்றுப் படுகையிலுள்ள கிணறுகளே. 2021 நவம்பரில் அதே ஆறு இருகரையும் புரண்டோடி ஊர்களை அஞ்ச வைத்ததையும் நாம் மறக்கவில்லை.

மோசல் மட்டும் தானாகவே ஆண்டு முழுதும் நிறைந்து ஓடுகிறது என எண்ண வேண்டா. ஜெர்மனி, பிரான்சு, லக்சம்பர்க் ஆகிய மூன்று நாடுகளும் 1956இல் உடன்பாடு செய்து, அணைகளும் கப்பல் ஏறி இறங்கும் மடைகளும் கட்டி, 1964இல் அதைப் பெருங்கப்பல்கள் செல்லும் நீர்வழி ஆக்கின. கண்ணுக்கினிய அந்நீர்ப்பரப்பில் மனிதர் உழைப்பும் அண்டை நாடுகளின் இசைவும் கலந்துள்ளன. பாலாற்றிலும் வயலூர் உள்ளிட்ட இடங்களில் அண்மை ஆண்டுகளில் தடுப்பணைகள் எழுந்துள்ளன. மழைக்காலத்திற்குப் பின் அவற்றில் நீர் தேங்கி நிற்பதைக் காணலாம்.

அங்குத் திராட்சை, இங்குப் பனை. கொடி வளர்ப்பவர் செங்குத்துச் சரிவில் ஏறி இறங்குகிறார். பனை ஏறுபவர் பாளை சீவ நாள்தோறும் காலையும் மாலையும் மரம் ஏறுகிறார். புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீருக்குக் கோடைதான் பருவம். சனவரியில் அது கிடைக்காது என்றதும் பிள்ளைகள் முகம் வாடிற்று. ஆனால் கோடை வெயிலில் எங்கள் அன்னையை அழைத்துச் செல்ல இயலாது. ஆகவே பதநீரை விட்டுக்கொடுத்தோம்.

அன்னையின் விருப்பம்

எங்கள் அன்னைக்கு அகவை எழுபத்தாறு. இரு முழங்கால்களிலும் வலி. அரைமணி நேரத்திற்கு மேல் கால் மடக்கி அமர இயலாது; படிகள் ஏறுவது அதனினும் கடினம். பயணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர், "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒருநாள் மாலை பேத்தி அவர் அருகில் அமர்ந்து, "ஆயா, உனக்கு எந்த இடம் பாக்கணும்?" என்று கேட்டாள். அதுவரை அக்கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு கடல்ல சேர்ற எடத்தைப் பாக்கணும்டி. நான் பொறந்து வளந்ததே ஆத்தங்கரைதான். ஊத்து தோண்டித்தான் தண்ணி எடுப்போம். அந்தத் தண்ணியெல்லாம் கடைசியில எங்க போவுதுன்னு எங்கப்பாவைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். போவவே இல்லை" என்றார்.

அந்தக் கணத்திலிருந்து பயணத்தின் அச்சாணி மாறிற்று. ஏழு இடங்கள் கொண்ட எங்கள் பட்டியலைப் புரட்டி வைத்தோம். வயலூர் கழிமுகத்தை நடுவில் எழுதினோம். பிற இடங்களை அதனைச் சுற்றி அமைத்தோம்.

யார் உழைப்பில் யார் ஓய்வு?

வீட்டு வண்டி நம் நாட்டிற்கு முற்றிலும் புதிதன்று. நம் முன்னோர் திருவிழாக்களுக்குக் கூண்டு வண்டியில் சென்றனர். அரிசி, பருப்பு, விறகு, பானை, பாய் யாவும் வண்டியிலேயே செல்லும். இரவில் சத்திரத்திலோ மாந்தோப்பிலோ மாட்டை அவிழ்த்து விடுவர். கடற்கரைச் சாலை வருமுன் சென்னையிலிருந்து மாமல்லபுரம் சென்றோர் பலர் பக்கிங்காம் கால்வாயில் படகேறி, இரவெல்லாம் அதிலேயே உறங்கி, விடியலில் இறங்கினர். 1877-78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் கூலிக்கு உழைத்த ஏழைகளின் கைகளால் விரிவு பெற்ற கால்வாய் அது. பாரதிதாசனார் அப்படகுப் பயணத்தை 'மாவலிபுரச் செலவு' என்னும் பாடலில் பாடியுள்ளார். பயணிகள் இன்புற்றிருக்க, படகைச் செலுத்தும் தொழிலாளர் படும் பாட்டை அவர் அதில் மறவாது பதிந்துள்ளார்.

அப்பாடலின் நினைவு எங்களை விடவில்லை. எங்கள் பயணத்தில் படகு செலுத்துபவர் யார்?

முதலாவது ஓட்டுநர். வாடகை வண்டியின் ஓட்டுநர் இரவில் எங்கே உறங்குகிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? பெரும்பாலும் இருக்கையைச் சாய்த்து, கொசுக்கடியில் கண்ணயர்ந்து, விடியலில் மீண்டும் நம் பிள்ளைகளின் உயிரைக் கையில் ஏந்தி ஓட்டுகிறார். ஆகவே தங்குமிடத்தில் அவருக்கும் ஒரு படுக்கை கேட்டுப் பதிவு செய்துள்ளோம். உணவு வேளையில் எங்களோடு அமர்ந்து உண்பார். செலவு சற்றுக் கூடும், கூடட்டும்.

இரண்டாவது இல்லத்தரசியர். வீட்டு வண்டியை நாங்கள் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி தொலைபேசியில், "அக்கா, அந்த வண்டியில வீடு மட்டுமில்ல, வீட்டு வேலையும் கூடவே வந்துடுது. மத்தவங்க ஆத்தைப் பார்த்தாங்க, நான் அடுப்பைப் பார்த்தேன்" என்று சிரித்துக்கொண்டே கூறினார். எங்கள் இல்லத்தரசி அதைக் கேட்டுச் சிரித்தார், பின்னர் உறுதியாகச் சொன்னார்: "நம்ம பயணத்துல அடுப்பு வேண்டாம்." அவ்வாறே முடிவாயிற்று. அன்னைக்கான கஞ்சி மட்டும் வெப்பக் குடுவையில் வரும். மற்றவை வழியிலுள்ள உணவு விடுதிகளில். தட்டும் குவளையும் கழுவும் பொறுப்பை ஆண்கள் ஏற்றுள்ளோம்.

ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் வீட்டு மாடும் கூட ஓய்வு கொள்ள வேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிட்டார் அல்லவா? ஒருவர் ஓய்வுக்காக மற்றொருவர் இரட்டிப்பாய் உழைப்பின், அது எப்படி விடுமுறையாகும்?

எங்கள் பயணத் திட்டம்

தம்பியிடம் அவன் எவ்வாறு திட்டமிட்டான் எனக் கேட்டோம். அன்றாடம் எவ்வளவு தொலைவு போகலாம் என்பதை அவன் முதலில் எண்ணவில்லையாம். தண்ணீர் எங்கே நிரப்பலாம், கழிவை எங்கே கொட்டலாம், இரவில் எங்கே முறையாக நிறுத்தலாம் என்று பார்த்த பிறகே வழியைக் குறித்தானாம். இவ்வறிவுரை எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. முதியோரும் பெண்களும் செல்லும் பயணத்தில் கழிப்பறை எங்குளது என்பதே முதற்கேள்வி. அதைக் கேட்க நாணுவதால்தான் நம் பெண்கள் பலர் பயண நாளில் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துத் துன்புறுகின்றனர்.

கேரள அரசு 2021இல் வீட்டு வண்டிச் சுற்றுலாவைத் தொடங்கிய செய்தியைப் படித்திருந்தோம். ஆயினும் நம் சிற்றூர்ச் சாலைகளின் அகலத்தையும் அன்னையின் கால்களையும் எண்ணி, பன்னிரண்டு பேர் அமரும் வேன் ஒன்றையே அமர்த்தினோம். ஏறி இறங்க ஒரு சிறு மரப்படியைத் தச்சரிடம் செய்யச் சொல்லியுள்ளோம்.

சனவரி முதல் வாரத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள்கள். அப்போது பெருமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் கடுமையாயிராது. காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் கால் வைக்க இடமிராது என்பதால் அந்நாளுக்கு முன்னரே முடித்துக்கொள்கிறோம்.

முதல் நாள் பிற்பகல் வேடந்தாங்கல். ஏரியில் மீனும் வயலில் நெல்லும் போலப் பறவைகளும் தங்கள் உடைமை என்று காத்துவந்த ஊர் அது. பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டி ஊரார் முறையிட, 1798இல் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை உழவர் அறிந்திருந்தனர். 2022இல் இவ்வேரி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. மாலையில் பறவைகள் கூடு திரும்புவதைக் கரையில் நாற்காலி போட்டு அமர்ந்தே காணலாம். இரவு செங்கற்பட்டுக்குத் திரும்பி எங்கள் வீட்டிலேயே உறக்கம். அன்னை தம் கட்டிலில் படுப்பார்.

இரண்டாம் நாள் காலை திருக்கழுக்குன்றம் வழியே வயலூர். கழிமுகத்தருகே கடற்கரைச் சாலைப் பாலத்தைக் கடந்து, வண்டிகள் விரையும் இடம் தவிர்த்து ஓரமாக நிறுத்துவோம். அங்கு வேறு பணி ஒன்றும் குறிக்கவில்லை. அன்னை எவ்வளவு நேரம் பார்க்க விரும்புகிறாரோ அவ்வளவு நேரம். பிறகு சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய செங்கற்கோட்டை. 1782இல் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதியது அவ்வூர்க் கடலில்தான். அங்கு அன்னைக்கு நிழலில் ஓர் இருக்கை. பிள்ளைகளுக்கு ஓட இடம். மாலையில் மாமல்லபுரம். அங்குள்ள பெரும் பாறைச் சிற்பம் சாலை ஓரத்திலேயே இருப்பதால் படியேறாமல் காணலாம். தரைத்தளத்தில் அறைகள் பதிவாகியுள்ளன.

மூன்றாம் நாள் ஞாயிறு. கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத்தில் திருப்பலி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டி மான்டி என்னும் வணிகர் எழுப்பிய ஆலயம் அது. பின்னர் கடற்கரை. அக்கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அச்சான்றுக்குத் தூய்மையான நீரும் கழிப்பறையும் நடக்க இயலாதோர்க்கான வசதியும் இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய கரையும் இதுவே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பின்னர் திருப்போரூர் வழியாக வீடு.

மூன்று நாள்களில் மோசல் பயணத்தில் ஒரு சிறு பங்குத் தொலைவைக் கூட நாங்கள் கடக்கப் போவதில்லை. அண்டை வீட்டார், "இவ்வளவு பக்கத்துக்கா இத்தனை ஏற்பாடு?" என வியக்கின்றனர். தொலைவைக் கொண்டு பயணத்தை அளந்தால் அவர்கள் கேட்பது சரியே. நாங்களோ குடும்பத்தில் மெல்ல நடப்பவரின் காலைக் கொண்டு அளக்கத் தலைப்பட்டுள்ளோம். தம்பி மீண்டும் எப்போது வருவான், அப்போது அன்னை வண்டி ஏற இயலுமா என்பது இறைவன் ஒருவருக்கே தெரியும்.

வரும் விடுமுறைக்கு நீங்களும் எங்கேனும் செல்ல எண்ணியிருக்கலாம். வழிப்படத்தை விரிக்குமுன் வீட்டிலுள்ள முதியவரிடம் சென்று அமருங்கள். எந்த இடத்தைக் காண விருப்பம் என்று கேளுங்கள். முதலில் ஒன்றும் வேண்டாம் என்பார். எழுந்து விடாதீர்கள், இன்னும் சற்று நேரம் அமர்ந்திருங்கள்.