வெறும் மெத்தனால் விட்ட டிஸ்க்

பொங்கல் விடுமுறை முடிந்து எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் பிள்ளைகள் திரும்பியதும் எங்கள் துறையில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: ப்ராஜெக்ட். யாருக்கு யார் கைடு, யாருக்கு என்ன தலைப்பு, ஆட்டோகிளேவ் யாருக்கு எப்போது. மார்ச் முடிவதற்குள் வேலை முடிய வேண்டும். பிறகு பைண்டிங், அதன்பின் வைவா. நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்க வந்ததிலிருந்து வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த காலம் இது. மற்ற செய்முறைகளுக்கெல்லாம் விடை ரெக்கார்டு நோட்டில் முன்பே இருக்கிறது. கிராம் ஸ்டெயினில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஊதாவாகத் தெரிய வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கிறார்கள். ஊதாவாகத் தெரியாவிட்டாலும் ஊதா என்றே எழுதிவிடுகிறார்கள். ப்ராஜெக்டில்தான் முதல்முறையாக விடை கைடுக்கும் தெரியாது.

தலைப்புகள் பெரும்பாலும் செடி அல்லது மண். துளசி, நிலவேம்பு, ஆடாதோடை என்று ஏதாவது ஒரு இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாறு கிருமியைத் தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் வயல் மண், குப்பைமேட்டு மண், எண்ணெய் சிந்திய மெக்கானிக் ஷெட் மண் என்று எடுத்துவந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பார்கள். அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அந்த அலுப்பு வந்ததில்லை. தலைப்பு பழையதாக இருந்துவிட்டுப் போகட்டும், கேள்வி அந்தப் பிள்ளையின் சொந்தக் கேள்வியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாணவி குப்பைமேனியை எடுத்துக்கொண்டாள். அவளுடைய அப்பாயி சிரங்குக்கு அந்த இலையை உப்போடு அரைத்துப் பூசுவாராம். முல்லர் ஹிண்டன் அகர் தட்டில் ஸ்டஃபைலோகாக்கஸைப் பஞ்சுக் குச்சியால் தடவி, சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் டிஸ்க்குகளை அதன்மேல் வைத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் விட்டாள். காலையில் ஒவ்வொரு டிஸ்க்கைச் சுற்றியும் தெளிவான வட்டம். கிருமி வளராத இடம் அது. துறையில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அவள் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினாள்.

எத்தனையோ தீசிஸ்கள் இந்த வட்டத்தோடு நின்றுவிடுகின்றன. அவள் நிற்கவில்லை. மறுநாள் வந்து கேட்டாள்: “மேடம், மெத்தனாலே கிருமியைக் கொல்லுமே. இந்த வட்டம் இலையால வந்ததா, மெத்தனாலால வந்ததா?” அடுத்த தட்டில் வெறும் மெத்தனால் விட்ட டிஸ்க் ஒன்றையும் சேர்த்து வைத்தாள். அதைச் சுற்றியும் வட்டம் வந்தது. தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் ஸ்கேல் வைத்து இரண்டையும் அளந்தாள். பெரிய வித்தியாசம் இல்லை. முகம் சுண்டிப்போய், “என் ப்ராஜெக்ட் போச்சு மேடம்” என்றாள்.

என்னைக் கேட்டால் அவளுடைய ப்ராஜெக்ட் அன்றைக்குத்தான் தொடங்கியது. டிஸ்க்குகளை ஈரத்தோடு வைத்திருந்தோம், மெத்தனால் ஆவியாக நேரம் கொடுக்கவில்லை என்பதை அவளே கண்டுபிடித்தாள். நன்றாகக் காயவைத்து மறுபடி வைத்தபோது மெத்தனால் வட்டம் மறைந்தது. இலைச்சாற்றின் வட்டமும் சுருங்கி, டிஸ்க்கை ஒட்டி மெல்லிய விளிம்பாக நின்றது. அந்த விளிம்பு நிஜம்தானா என்று பார்க்கத் திரும்பத் திரும்பத் தட்டு போட்டாள். பிறகு கேள்விகள் தாமாக வர ஆரம்பித்தன. அப்பாயி மெத்தனாலில் ஊறவைக்கவில்லையே, பச்சையாகத்தானே அரைத்தார்? அதில் உப்பின் வேலை எவ்வளவு? ஸ்டஃபைலோகாக்கஸோ 7.5 சதவீத உப்பிலும் வளரக்கூடியது. அந்தக் குணத்தை நம்பித்தான் மானிடால் சால்ட் அகரே தயாரிக்கிறார்கள். அப்படியானால் உப்பால் தடுத்திருக்க முடியுமா? சிரங்கு என்று ஊரில் சொல்வது சில சமயம் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வருவதாயிற்றே, அதற்குப் பாக்டீரியாத் தட்டில் என்ன விடை கிடைக்கும்? கடைசிக் கேள்வியை அவள் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

வைவாவுக்கு வந்த தேர்வாளர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “ஆக்டிவிட்டி ஒன்றும் பெரிதாக இல்லையே” என்றார். பெரிய வட்டம் காட்டிய பிள்ளைகளைவிட அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. வெறும் மெத்தனால் விட்ட கண்ட்ரோல் டிஸ்க்கே வைக்காத தட்டுகளுக்கு அதே நாளில் நல்ல மதிப்பெண் கிடைத்தது. இன்றும் எனக்கு அந்த வருத்தம் இருக்கிறது.

மூலக்கூறு உயிரியல் பக்கம் போனால் இதே பாடத்தை ஜெல் கற்றுக்கொடுக்கிறது. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் போடும்போது ஒரு குழாயில் டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட வேண்டும். யுவி வெளிச்சத்தில் ஜெல்லைப் பார்க்கையில் மற்ற லேன்களில் ஆரஞ்சுக் கோடு மின்ன, தண்ணீர் லேன் காலியாக இருக்க வேண்டும். சில நாள் அதிலும் கோடு வந்துவிடும். பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவுக்கான ப்ரைமர்கள் ஏறக்குறைய எந்த பாக்டீரியாவையும் பிடித்துக்கொள்பவை. பிப்பெட்டோ தண்ணீரோ காரணமாக இருக்கலாம். நகலெடுக்கும் வேலையைச் செய்யும் டாக் என்சைமைக்கூடச் சந்தேகிக்க வேண்டும். அது இப்போது பெரும்பாலும் ஈ. கோலைக்குள் வைத்துத் தயாராகிறது, ஈ. கோலையின் டிஎன்ஏ துணுக்குகள் அதில் தங்கிவிடுவதுண்டு. அந்தக் கோட்டின் மூலத்தைத் தேடி ஒரு பிள்ளை ஒவ்வொரு குழாயாக மாற்றிப் பார்க்கும் நாளில், வகுப்பில் நான் ஒரு வருஷம் பேசினாலும் புரியாதது புரிந்துவிடுகிறது.

டாக் என்றதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. அந்த என்சைமின் சொந்தக்காரன் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியா. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற வெந்நீர் ஊற்றில் எடுத்த மாதிரியிலிருந்து 1966-ல் அதைப் பிரித்தெடுத்து வளர்த்தவர் ஹட்சன் ஃப்ரீஸ். அப்போது அவர் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர், தாமஸ் பிராக் என்ற பேராசிரியரின் கீழ் ஆய்வுப் பயிற்சியில் இருந்தார். 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓர் உயிர் சுகமாக வளர முடியுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இதனால் என்ன பயன் என்று யாரும் அவர்களை விரட்டவில்லை. 1969-ல் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள், கல்ச்சரை யார் கேட்டாலும் கிடைக்கும்படி சேமிப்பகத்தில் கொடுத்துவைத்தார்கள். 1976-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியென் என்ற மாணவியும் அவருடைய ஆசிரியர்களும் அதிலிருந்து டிஎன்ஏ பாலிமரேஸை, அதாவது டாக்கை, பிரித்தெடுத்தார்கள். கேரி மல்லிஸ் 1983-ல் பிசிஆரை யோசித்தபோது ஒரு பெரிய தொல்லை இருந்தது: ஒவ்வொரு சுற்றிலும் சூடேற்றியதும் என்சைம் செத்துப்போகும், மறுபடி புதிதாக ஊற்ற வேண்டும். வெந்நீர் ஊற்றுக்காரனின் என்சைமுக்கு அந்தச் சூடு பொருட்டே இல்லை. மல்லிஸுக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனைகளும் இந்த வழியில் வந்தவைதான். இதைக் கேட்டுவிட்டு, “அவர் யுஜி ஸ்டூடண்டா மேடம்?” என்று வருஷாவருஷம் யாராவது கேட்பார்கள். ஆமாம், உங்களைவிடச் சின்னவர் என்பேன்.

சொந்தக் கேள்வியைத் தேடும் இப்படியொரு வாய்ப்பைத்தான் பல பிள்ளைகள் காசு கொடுத்துத் தொலைத்துவிடுகிறார்கள். ஊருக்கு ஊர் ப்ராஜெக்ட் செய்துகொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் தலைப்பு, ரிசல்ட், ஜெல் போட்டோ, பைலோஜெனட்டிக் மரம் எல்லாம் தயாராகக் கிடைக்கும். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது. பிசிஆர் இயந்திரம் இல்லாத கல்லூரியில், நடுவில் கரண்ட் போய் இன்குபேட்டர் ஆறிவிடும் ஊரில், மூலக்கூறு தலைப்பு இருந்தால்தான் மதிப்பு என்று நாமே சொல்லி அவர்களை அங்கே துரத்துகிறோம். ஆட்டோகிளேவும், பெட்ரி தட்டும், நல்ல கேள்வியும் இருந்தாலே சிறந்த ப்ராஜெக்ட் செய்துவிடலாம். வைவாவுக்குப் போகும் நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, பைண்டு செய்த புத்தகத்தைத் திறப்பதற்கு முன் கறைபடிந்த லேப் நோட்டைக் கேளுங்கள். கண்ட்ரோல் எங்கே என்று கேளுங்கள். எதுவும் வளராத நாளில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். தானே செய்த பிள்ளையை நிறுத்த முடியாது, பேசிக்கொண்டே இருக்கும்.

இந்த வருஷம் என்னிடம் வந்திருக்கும் ஒருத்தி இட்லி மாவை எடுத்திருக்கிறாள். மாவைக் கையால் கரைத்தால் நன்றாகப் புளிக்கும், கரண்டியால் கலந்தால் அவ்வளவாகப் பொங்காது என்று அவள் வீட்டில் சொல்வார்களாம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மாவைப் பொங்கவைக்கும் லூக்கோனோஸ்டாக் உளுந்திலேயே வந்துவிடுகிறது என்று படித்திருக்கிறாள். பிறகு கைக்கு என்ன வேலை? கையிலுள்ள கிருமியா, கையின் சூடா, கை நன்றாகக் கலக்குவதா? ஒரே மாவைப் பிரித்து, வெறும் கை, சோப்புப் போட்டுக் கழுவிய கை, கையுறை போட்ட கை, ஆட்டோகிளேவ் செய்த கரண்டி, அதே கரண்டியை இளஞ்சூடாக்கி என்று தனித்தனியே கரைத்து, அளவுக் குழாய்களில் ஊற்றி மணிக்கொரு தரம் உயரமும் பிஎச்சும் பார்க்கப்போகிறாள். கையே படாமல், எதையும் விடாமல் வைக்கும் குழாய் ஒன்றும் வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, அவளுடைய பட்டியலில் அது முதல் வரியிலேயே இருந்தது.